அட்டையில் மருமகன்: தனியே படகேறி வந்த பிள்ளைகளின் கதை

இந்த எபிசோடை மண்ணூரில் என் ரூமில் உட்கார்ந்துதான் பதிவு செய்கிறேன். நடுவில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் கண்டுக்காதீங்க, ஷிஃப்ட் விடுற நேரம்.

நம்ம ஏரியா தெரியாதவர்களுக்கு: பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு ஹைவேயில் வந்தால் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அப்புறம் சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் ஒரகடம். கார், கண்ணாடி, செல்போன், புல்லட் வண்டி, எல்லாம் இந்தப் பக்கம்தான் தயாராகுது. அதைத் தயாரிக்கிறவர்களில் நிறையப் பேர் பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகள். ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். எந்த ஹாஸ்டல் ஃபார்மை எடுத்தாலும் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம். அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் யோசிக்கிறதே இல்லை. அப்பா போடுவார், இல்லைன்னா மாமா போடுவார், அவசரத்துக்கு நாமே போட்டுக்குவோம்.

அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயரும் இல்லாமல் வேறொரு நாட்டில் வந்து இறங்கிய பிள்ளைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போறேன். போரில் இருந்து தப்பி, அம்மா அப்பா இல்லாமல், படகிலோ விமானத்திலோ கால்நடையாகவோ வந்த சிறுவர் சிறுமியர். அவர்களுக்காக வேலை செய்தவர்கள் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை. இதை ஏன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கு, அது நடுவில் வரும்.

முதலில் ஒரு வரையறை. 1997 பிப்ரவரியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. துணையின்றி வந்த சிறார் என்றால் யார்? 18 வயது நிறையாதவர், தாய் தந்தை இருவரையும் பிரிந்தவர், அதோடு சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்பான பெரியவர் ஒருவரின் கவனிப்பில் இல்லாதவர். 'வழக்கப்படியோ' என்ற சொல்லைக் கவனிங்க. பக்கத்து வீட்டு மாமா, ஊர்க்காரர், அம்மாவின் தோழி, எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் நுழைஞ்சிடலாம். தமிழ்நாட்டில் நடந்ததைப் புரிஞ்சுக்க இந்தச் சொல் போதும்.

1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் மேல் நடந்த வன்முறைக்குப் பிறகு ராமேஸ்வரம் கரைக்குப் படகுகள் வரத் தொடங்கின. 1987 ஒப்பந்தம் வரைக்கும் வந்தவர்கள் சுமார் 1,34,000 பேர். 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தபோது இன்னொரு அலை. அதில் ஏறக்குறைய 1,22,000 பேர். தலைமன்னாருக்கும் நம்ம கரைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் படகுக்காரர்கள் பலர் கரை வரை வர மாட்டார்கள். கடலோரக் காவலுக்குப் பயந்து நடுவில் உள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிடுவார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் அந்தத் திட்டில் காத்திருந்து, மீனவர்களோ கடற்படையோ வந்து கூட்டிப்போன கதை, முகாமில் நீங்கள் யாரைக் கேட்டாலும் கிடைக்கும்.

இவ்வளவு பேரில் தனியாக வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா அம்மா ஏன் பிள்ளையை மட்டும் அனுப்புவாங்க? ஒன்று, காசு, படகுக்கூலி ஒருத்தருக்குத்தான் தேறும். இரண்டாவது, வீட்டில் வயசானவர்கள் இருப்பார்கள், விட்டுவிட்டு வர முடியாது. மூன்றாவதுதான் முக்கியம்: பதினாலு பதினைந்து வயசு ஆகிவிட்டால் பையனை ராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துப் போகும், அல்லது இயக்கம் ஏதாவது ஒன்று கூட்டிப் போகும். இரண்டு பக்கமும் பயம். அந்த வயசுப் பிள்ளையை முதலில் வெளியேற்றுவதுதான் பெற்றோருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார். ஊர் மன்னார் பக்கம். முகாமில் இருந்து வந்து நம்ம ஏரியா ஷெட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில். 1990-ல் பதினாலு வயசில் வந்தவர். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் சொன்னது இது:

"நான் தனியத்தான் வந்தனான் தம்பி. பக்கத்து வீட்டுக்காரரோட அம்மா படகில ஏத்திவிட்டவ. மண்டபத்தில பதியேக்க, 'இது யார்?' எண்டு கேட்டாங்கள். அவர் சட்டெண்டு, 'என்ர அக்கான்ர மகன்' எண்டார். அவருக்கு அக்காவே இல்லை."

அன்றைக்கு அவர் அட்டையில் மருமகன் ஆனார்.

மண்டபம் முகாம் பற்றி ஒரு சின்னத் தகவல். அது அகதிகளுக்காகக் கட்டியது கிடையாது. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைப் பரிசோதித்து அனுப்புவதற்காகக் கட்டிய இடம். அங்கே போன ஜனங்களின் வரிசை நின்ற அதே இடத்தில், பல பத்தாண்டு கழித்து அங்கிருந்து வந்த ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் அரசாங்கம் எண்ணியது குடும்பங்களை. முகாம் வீடு குடும்பத்துக்கு ஒன்று. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு ஒரு தொகை, மற்ற பெரியவர்களுக்குக் கொஞ்சம் குறைவு, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அரிசி, மண்ணெண்ணெய் எல்லாமே குடும்ப அட்டைக் கணக்கு. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம்ம ரேஷன் கடையும் அப்படித்தான். ஆனால் இந்தக் கணக்கில் தனியாக வந்த பிள்ளை மறைந்துபோகும். யாரோ ஒருவரின் மருமகனாக, தம்பியாக, வளர்ப்பு மகளாக ஏதோ ஒரு அட்டையில் ஏறிவிடும். அதோடு அது 'தனியாக வந்த பிள்ளை' கிடையாது.

இதில் நல்லதும் இருக்கு. அண்ணனை அனாதை இல்லத்துக்கு யாரும் அனுப்பவில்லை. அவர் பேசும் தமிழைப் பேசுகிற வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சாப்பிட்டார். உண்மையில் வயசு என்ன என்று யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. உலகத்தின் பணக்கார நாடுகள் இதே பிள்ளைகளை எப்படி நடத்தின என்று பின்னாடி சொல்லும்போது இதை நினைவில் வச்சுக்கோங்க.

சரி, சமூகப் பணி எங்கே வந்தது? பெரும்பாலும் அகதிகளிடம் இருந்தேதான். 1984-ல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை, ஆங்கிலச் சுருக்கப் பெயரால் பலரும் 'ஓஃபர்' என்பார்கள். தொடங்கியவர் வழக்கறிஞர் எஸ்.சி. சந்திரஹாசன், தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன். அந்த அமைப்பின் முறை எளிமையானது: முகாமில் படித்தவர் யார் என்று பார், அவருக்குப் பயிற்சி கொடு, அவரையே ஆசிரியராக, சத்துணவு பார்க்கிறவராக, ஆலோசகராக வை. வெளியில் இருந்து வந்து உதவி செய்துவிட்டுப் போகும் ஆள் தேவைப்படாது.

கேட்க எளிமை. ஆனால் ஒரு தனிப் பிள்ளையின் விஷயத்தில் அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்க. பள்ளியில் சேர்க்க டி.சி. வேணும், பள்ளிக்கூடமே எரிந்த ஊரில் இருந்து டி.சி. எங்கே வரும்? பிறந்த தேதிக்குச் சான்று வேணும். பெற்றோர் கையெழுத்து வேணும். தலைமை ஆசிரியரிடம் போய், "சார், இந்தப் பையன் அங்கே ஏழாவது முடிச்சிருக்கான், நான் பொறுப்பு" என்று ஒருவர் நிற்கணும். அந்த 'நான் பொறுப்பு'தான் இந்தத் துறையின் முதல் பாடம். மேற்கத்தியக் கல்லூரியில் இதற்குச் சட்டப் பாதுகாவலர், வழக்கு மேலாண்மை என்று பெரிய பெரிய பெயர் இருக்கும். முகாமில் அது சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு வாலண்டியர் அண்ணன், அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் அகதி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் தனி இடங்களும் ஒதுக்கப்பட்டன. முகாமில் வளர்ந்த பிள்ளை டாக்டராகவோ இன்ஜினியராகவோ ஆக முடியும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது.

அது ஒரே ராத்திரியில் மாறியது. அந்த ராத்திரி நடந்த இடம், நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருந்து பைக்கில் இருபது நிமிஷம்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். தேர்தல் பிரசாரக் கூட்டம். இரவு பத்தேகால் வாக்கில் குண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு காவலர்கள், கட்சிக்காரர்கள், பொதுமக்கள் எனப் பலர் அங்கேயே இறந்தார்கள். அதைப் பற்றி எத்தனையோ புத்தகம், படம், வழக்கு, தீர்ப்பு வந்தாச்சு. அந்தச் சதியின் கதைக்குள் நான் போகப் போவதில்லை. அந்தக் குண்டின் சத்தம் முகாமில் இருந்த ஒரு பதினைந்து வயசுப் பையனுக்கு எப்படிக் கேட்டது என்பதுதான் நம்ம விஷயம். அதைப் பற்றி யாரும் அதிகமாக எழுதவில்லை.

அதுவரைக்கும் தனியாக வந்த பையன் என்றால் ஊர் 'ஐயோ பாவம்' என்றது. அன்றைக்கு அப்புறம் அதே பையன்தான் முதல் சந்தேகம். குடும்பத்தோடு இருப்பவனைப் பார்த்து யாரும் பயப்படலை. அப்பா அம்மா எங்கே, ஏன் தனியா வந்தே, யார் அனுப்பினது, இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல முடியாதவன் மேல்தான் கண் விழுந்தது. அவனைத் தனியாக அனுப்பியதே இயக்கத்துக்குப் பயந்துதான் என்று நிரூபிக்க அவனிடம் என்ன இருந்தது?

முகாம்களில் கெடுபிடி கூடியது. தொழிற்கல்லூரி இடஒதுக்கீடு போனது. அடுத்தடுத்த வருஷங்களில் தன்னார்வ அமைப்புகள் முகாமுக்குள் வேலை செய்யத் தடை வந்தது. அதாவது அந்த சைக்கிள் வாலண்டியரின் வேலை நின்றது. குடும்பம் உள்ள பிள்ளைக்கு அது இழப்பு. தனிப் பிள்ளைக்கு, வெளியுலகத்தில் அவன் பெயரைத் தெரிந்த ஒரே ஆள் போனது மாதிரி.

1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. அரசு சொன்னது, விருப்பப்பட்டவர்கள் மட்டும். விருப்பம் என்பதற்கு அத்தாட்சி ஒரு படிவம், அதில் ஒரு கையெழுத்து. அந்தப் படிவம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது என்றும், என்ன எழுதியிருக்கு என்று தெரியாமலே பலர் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் அப்போதே மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வருஷமே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. திரும்பிப் போகிறவர்கள் உண்மையிலேயே சம்மதித்துத்தான் போகிறார்களா என்று கேட்பது அதன் வேலை. 1995 வரை சுமார் 54,000 பேர் போனார்கள்.

இப்போ பெயிண்டர் அண்ணனிடம் திரும்பி வருவோம். 1992-ல் அவருக்குப் பதினாறு வயசு. அட்டையில் மருமகன். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டார். அட்டையில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு கையெழுத்து. கப்பல் ஏற்றினார்கள்.

கதை இங்கே சோகமாக முடியும் என்று நினைத்துத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முடியலை. அங்கே போய் அலைந்து, மடு மாதா கோயில் பக்கத்து முகாமில் அம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறார். நாலு வருஷம் கூட இருந்திருக்கிறார். 1996-ல் போர் மறுபடி முற்றியபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி படகேறினார். இந்த முறை குடும்பத் தலைவர் அவர், அட்டையில் அவர் பெயருக்குக் கீழே அம்மா.

"அப்போ போனது நல்லதாப் போச்சேண்ணே?" என்றேன்.

"போனது பிழையெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. அம்மாவைக் கண்டனான். ஆனா ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை."

நான் இந்த விஷயத்தைப் பற்றிப் படித்த எந்த வழிகாட்டியை விடவும் அந்த வாக்கியம் தெளிவாக இருந்தது. இந்தத் துறையில் 'பிள்ளையின் சிறந்த நலன்' என்று ஒரு பதம் அடிக்கடி வரும். நலன் என்ன என்பதை முடிவு செய்யும் முன் அந்தப் பிள்ளையிடம் கேட்கணும் என்பது அதன் முதல் படி. முடிவு சரியாகவே அமைந்தாலும், கேட்காமல் எடுத்தால் அது அதிர்ஷ்டம்.

கேட்கிற நாடுகளில் என்ன நடந்தது? அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போன வழி பெரிய சாகசக் கதை. கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கு, நகர ரயிலில் ஏறு, மேற்கு பெர்லினில் இறங்கி அடைக்கலம் கேள். கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைக்கும் வரை இப்படி வந்தவர்களில் பள்ளி வயசுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெர்மனியில் தனிப் பிள்ளைக்கு என்று இளைஞர் நல அலுவலகம் உண்டு, காப்பாளர் நியமனம் உண்டு. ஆனால் அடைக்கலம் கேட்கும் நடைமுறையில் பதினாறு வயசு முடிந்தால் நீ பெரியவன், உன் வழக்கை நீயே பார்த்துக்கோ என்பது சட்டம். அதைப் பதினெட்டாக உயர்த்தியது 2015-ல்தான்.

அப்போ எல்லாமே வயசில் வந்து நிற்குது, இல்லையா? பிள்ளை என்றால் வீடு, பள்ளி, காப்பாளர். பெரியவன் என்றால் தடுப்பு முகாம், விமான டிக்கெட். பிறப்புச் சான்றிதழ் கடலில் போயிருக்கும். உடனே அதிகாரிகள் எலும்பைக் கேட்கிறார்கள். கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து ஒரு படப் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். க்ரூலிச், பைல் என்ற இருவர் தொகுத்த அந்தப் புத்தகத்துக்கு ஆதாரம் 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளை எடுத்த எக்ஸ்ரே. அந்தப் பிள்ளைகள் குடித்த பால் வேறு, முல்லைத்தீவில் முற்றுகைக்குள் வளர்ந்த பிள்ளை சாப்பிட்டது வேறு. அதை விடுங்க, நல்லா வளர்ந்த இரண்டு பேருக்கு நடுவிலேயே இரண்டு வருஷ வித்தியாசம் சாதாரணமாக வரும். பதினாறா பதினெட்டா என்று கேட்கும் இடத்தில் இரண்டு வருஷப் பிழை என்றால் அந்தச் சோதனை எதற்கு?

பிரிட்டன் 1982-லேயே குடியேற்றக் கட்டுப்பாட்டுக்காக எக்ஸ்ரே எடுப்பதை நிறுத்தியது. அப்புறம் அந்தப் பொறுப்பு சமூகப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. 2003-ல் லண்டன் மெர்ட்டன் நகராட்சி வழக்கில் நீதிமன்றம் சொன்னது: பார்த்தவுடன் முகத்தை வைத்து வயசு சொல்லாதே, அவன் கதையைக் கேள், சந்தேகம் இருந்தால் அவனிடமே சொல்லி விளக்கம் கேள், காரணத்தை எழுது. தனிப் பிள்ளைகளுக்குத் துணை நிற்க 1994-ல் இருந்தே அங்கே அகதிகள் கவுன்சிலில் ஆலோசகர் குழு ஒன்று இருக்கிறது. ஆனாலும் ஒரு சங்கடம் தீரவே இல்லை. இந்தப் பிள்ளை பதினேழா இருபதா என்று முடிவு செய்பவரும், பிள்ளை என்று முடிவானால் அவனைப் பராமரிக்க வேண்டியவரும் ஒரே நகராட்சியின் சமூகப் பணியாளர்கள். பராமரிக்கக் காசு செலவாகும். 2009-ல் கிராய்டன் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வந்து, சர்ச்சை என்றால் வயசைக் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம்தான் என்றது. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எடுக்க அங்கே சட்டத்தில் மறுபடி இடம் வந்திருக்கு.

கனடாவில் நடந்தது இன்னும் விநோதம். 2010 ஆகஸ்ட் 13. எம்.வி. சன் சீ என்ற பழைய சரக்குக் கப்பல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்தது. அதில் 49 பேர் சிறார். அம்மாவோடு வந்த பிள்ளைகள், அம்மாவைத் தடுத்து வைத்ததால் அவரோடு சேர்ந்து பர்னபியில் ஒரு இளைஞர் சிறைக் கட்டடத்தில் இருந்தார்கள். யாரும் இல்லாமல் தனியாக வந்த சில பிள்ளைகளோ மாகாணக் குழந்தைகள் நலத்துறையின் பொறுப்பில் வெளியே போனார்கள். கூட அம்மா இருந்தால் பூட்டு, யாரும் இல்லையென்றால் வீடு. சட்டம் எழுதியவர்கள் யாரும் இப்படி நடக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

'தீபன்' படம் பார்த்திருப்பீங்க. 2015-ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய பிரெஞ்சுப் படம், நம்ம எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது. ஒருவரையொருவர் தெரியாத ஆண், பெண், பெற்றோரை இழந்த ஒன்பது வயசுச் சிறுமி, மூவரும் குடும்பம் மாதிரி நடித்துப் பிரான்ஸ் போவார்கள். விமர்சனங்கள் எல்லாம் தீபன் என்ற ஆளைப் பற்றியே பேசின. எனக்கு அது அந்தச் சிறுமியின் படம். மண்டபத்து வரிசையில் 'அக்கா மகன்' என்று சொன்னதும், பாரிஸ் புறநகரில் 'எங்கள் மகள்' என்று சொன்னதும் ஒரே பொய். ஒரு பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடும் பொய். திறந்த பிறகு அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது அந்தப் பொய் சொன்னவரின் மனசைப் பொறுத்தது.

வேறு வழி இந்தியாவிலேயே ஒன்று நடந்திருக்கு. அதற்கு நாம் தர்மசாலா போகணும்.

1959-ல் திபெத்தில் இருந்து தலாய் லாமா வெளியேறிய பின் ஆயிரக்கணக்கானோர் இந்தியா வந்தார்கள். பெரியவர்களுக்குக் கிடைத்த வேலை மலையில் ரோடு போடுவது. கல் உடைக்கிற இடத்தில், குளிரில், நோயில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1960 மே 17 அன்று ஜம்மு பக்கத்து ரோடு கேம்ப்களில் இருந்து 51 குழந்தைகள் தர்மசாலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பொறுப்பேற்றவர் தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா. அவர் 1964-ல் இறந்த பிறகு தங்கை ஜெட்சுன் பேமா வந்து, 2006 வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். அதுதான் திபெத்தியக் குழந்தைகள் கிராமம்.

அவர்கள் ஒரு பெரிய ஹாலில் நூறு கட்டில் போடும் அனாதை விடுதியில் இருந்து நகர்ந்து, சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாய். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குத் தலை சீவும், சமையலில் கை கொடுக்கும். இந்த யோசனை ஆஸ்திரியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். கிராமங்களோடு ஒத்துப்போனது, இருவரும் சேர்ந்தும் வேலை செய்தார்கள். பின்னாடி, குறிப்பாக எண்பதுகளில் இருந்து, திபெத்தில் உள்ள பெற்றோர்களே பிள்ளையை வழிகாட்டியின் கையில் கொடுத்து நேபாளம் வழியாக அனுப்பத் தொடங்கினார்கள். திபெத்திய மொழியில் படிக்கணும் என்று. பனியில் கால் விரலை இழந்து வந்த பிள்ளைகள் உண்டு. 2006 செப்டம்பரில் நங்பா லா கணவாயில் அப்படி வந்த கூட்டத்தின் மேல் சீன எல்லைக் காவலர் சுட்டதில் 17 வயதுப் பெண் துறவி ஒருவர் இறந்தார். மலையேறிகள் எடுத்த வீடியோவில் உலகமே அதைப் பார்த்தது.

தர்மசாலாவில் யாரும் இந்தப் பிள்ளையை மருமகன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனியாக வந்தது தனியாக வந்ததாகவே எழுதப்பட்டது. அப்படி எழுதியதால்தான் அவர்களுக்கு என்று ஒரு வீடு, ஒரு பள்ளி, ஒரு நிர்வாகம் உருவாக முடிந்தது. அது சாத்தியமானதற்குப் பின்னால் டெல்லியின் அனுமதி, வெளிநாட்டு நன்கொடை, தங்களுக்கென்று ஒரு தலைமை எல்லாம் இருந்தது. முகாமில் இருந்த நம்ம அண்ணனுக்குப் பின்னால் அதெல்லாம் கிடையாது. அதனால் இரண்டையும் தராசில் வைத்து, இவர்கள் செய்தார்கள் அவர்கள் செய்யவில்லை என்று சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கு, அதைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். 1992 டிசம்பரில் குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது பலருக்குத் தெரியாது. ஆமாம், கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த அதே வருஷம். அந்த ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு, பெற்றோரோடு வந்தாலும் தனியாக வந்தாலும் அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பு கொடு, குடும்பத்தைத் தேடிக் கொடு, கிடைக்கவில்லை என்றால் சொந்த நாட்டு அனாதைக் குழந்தைக்குத் தரும் பாதுகாப்பையே தா என்கிறது. பிரிட்டனும் ஜெர்மனியும் இதில் குடியேற்ற விஷயத்தில் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்தன. பிரிட்டன் 2008-லும் ஜெர்மனி 2010-லும்தான் அதை விலக்கின. இந்தியா நிபந்தனை சொன்னது குழந்தைத் தொழிலாளர் பிரிவுக்கு மட்டும். 22-ஐ முழுசா ஏற்றுக்கொண்டது.

நம்ம 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர், அவ்வளவுதான். குடியுரிமை பற்றி அந்த வரையறையில் ஒரு சொல் கிடையாது. பெற்றோர் இல்லாத, கவனிப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோகணும். பயண நேரம் அதில் சேராது. வயசில் சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழ், அப்புறம் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லையென்றால் மட்டுமே எலும்புச் சோதனை. பார்த்தவுடனேயே குழந்தை என்று தெரிந்தால் குழு அப்படியே பதிவு செய்துகொண்டு வேலையைத் தொடரலாம். காகிதத்தில் பார்த்தால் பிரிட்டனை விட நமக்கு வழி சுலபம்.

1996-ல் ஆட்சி மாறிய பிறகு தன்னார்வ அமைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக முகாமுக்குள் திரும்பின, கல்லூரி இடங்களும் திரும்பின. பிறந்ததற்கே ஆவணம் இல்லாதவர்களுக்கு இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கும் வேலையை ஓஃபர் வருஷக்கணக்கில் செய்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புது வீடுகளும் அறிவித்தது. அண்ணனுக்கு இப்போது புது வீடு. 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது மார்ச்சில் தொடங்கி மறுபடி படகுகள், மறுபடி மணல் திட்டு, மறுபடி மண்டபம். நம்ம பக்கத்திலேயே, கேளம்பாக்கத்தில் ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் மியான்மரில் இருந்து வந்த ரோஹிங்கியா குடும்பங்கள் பல வருஷமாக இருக்கின்றன. பதிவு செய்கிற இடத்தில் "இது யார்?" என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுது.

பெயிண்டர் அண்ணனிடம் கடைசியாக, "உங்களை மருமகன் என்று சொன்னவர் இப்போ எங்கே?" என்று கேட்டேன். அவர் அங்கேயே தங்கிவிட்டாராம். சில வருஷம் முன்னால் இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் இல்லை. வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்தக் குடும்பம் அச்சடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீசில், மருமக்கள் வரிசையில், இவர் பெயரும் இருந்திருக்கு.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலோ தண்டலம் கூட்ரோட்டிலோ தனியாக நிற்கிற ஒரு பிள்ளையைப் பார்த்தால், எந்த மொழி பேசினாலும், 1098-க்கு ஒரு கால் போடுங்க. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். அவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்ப்பார்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.